1968-ல் சாராயக்கடை இல்லை, தம்பி

போன மாதம் தஞ்சாவூரில் படிக்கும் ஐந்து மாணவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பாட்டும் கதையுமாக ஒரு குறும்படம் எடுக்கப் போகிறார்களாம். களம் கீழத்தஞ்சை, ஆண்டு 1968. "அண்ணே, வரலாற்றுப் பிழை இருந்தா மட்டும் குறிச்சுக் கொடுங்க போதும்" என்று சொல்லி, ஸ்பைரல் போட்ட கதைப்பிரதியை நீட்டினார்கள்.

முதல் காட்சியே இப்படி இருந்தது: "1968. மாலை நேரம். கிராமத்துச் சாராயக்கடை வாசல். பண்ணையாரின் ஆள் உழைக்கும் மக்களுக்கு ஓசியில் சாராயம் வாங்கிக் கொடுக்கிறான்."

சிவப்புப் பேனாவை எடுத்து 'சாராயக்கடை'யைச் சுழித்தேன். 1968-ல் சாராயக்கடை கிடையாது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. அதைத் தள்ளி வைத்துக் கடை திறந்தது 1971-ல், கலைஞர் ஆட்சியில். 1974-ல் மறுபடி மூடினார்கள். டாஸ்மாக் நிறுவனம் வந்தது 1983-ல். அரசே கடை வைத்து விற்கத் தொடங்கியது 2003-ல். இவர்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பது தெருமுனைக் கடையைத்தான். ஆகவே 1968-லும் ஒரு கடையை வைத்துவிட்டார்கள்.

"அப்ப யாரும் குடிக்கலையாண்ணே?" என்று கேட்டாள் அந்தக் குழுவில் இருந்த தங்கை.

குடித்தார்கள், நன்றாகவே குடித்தார்கள். ஆனால் குடிக்கும் விதம் வேறு. உடம்புக்கு முடியவில்லை என்று டாக்டர் சீட்டு வாங்கி, பெர்மிட் எடுத்து, பாட்டிலோடு வீட்டுக்குள் உட்கார்ந்து குடிக்கச் சட்டத்திலேயே வழி இருந்தது. அந்த வழி யாருக்குத் திறந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஆட்கள் வாய்க்கால் கரையில் பானையைப் புதைத்து ஊறல் போட்டார்கள், தென்னையில் திருட்டுத்தனமாகக் கள் இறக்கினார்கள். மாட்டினால் ஸ்டேஷன், கோர்ட்டு, ஜெயில். என் அப்பாயியின் தம்பி ஒருவர் அப்படி இரண்டு முறை உள்ளே போய் வந்தவர். "ஆண்டை வூட்டு மாடியில கிளாசு சத்தம் கேக்கும். போலீசு நேரா எங்க தெருவுக்குத்தான் வரும்" என்பார் அப்பாயி.

கடையை எடுத்துவிட்டு இந்தக் காட்சியை வைத்துப் பாருங்கள் என்றேன். பண்ணையாரின் ஆள் கூலிக்காரனுக்குச் சாராயம் கொடுக்கிறான். மறுநாள் அதே ஆள் போலீசுக்குத் தகவல் கொடுக்கிறான். சங்கத்தில் சேர்ந்தவனை மதுவிலக்கு வழக்கில் உள்ளே தள்ள முடியும் என்றால், அந்தச் சட்டம் பண்ணையார் கையில் என்னவாக இருந்திருக்கும்? சரியான ஆண்டைப் போட்டதுமே கதைக்குப் பலம் கூடிவிட்டது. இதை வெறும் பொது அறிவுப் போட்டி என்று நினைக்காதீர்கள்.

அடுத்தடுத்த பக்கங்களிலும் சிவப்பு மை ஓடியது. பேருந்தில் 'தமிழ்நாடு அரசு' என்று எழுதியிருந்தது. 1967 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டாலும், பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல்தான். ஆக 1968-ல் அது சென்னை மாநிலம். 'நாகப்பட்டினம் மாவட்டம்' என்று ஒரு பலகை. அந்த மாவட்டம் பிரிந்தது 1991-ல். அதுவரை எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. கதாநாயகன் "நாங்க தலித்துங்கடா" என்று முழங்குகிறான். அந்தச் சொல் நம் சேரிகளில் பரவலாகப் புழங்க வந்தது அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித்தான். 1968-ல் ஆதிதிராவிடர் என்பார்கள், தாழ்த்தப்பட்டோர் என்பார்கள், காங்கிரஸ்காரர்கள் அரிசனம் என்பார்கள். ஊர்க்காரன் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மாணவர்கள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள். மூன்று இடங்களில் மட்டும் சண்டை வந்தது. இந்தப் பதிவை எழுதவே அந்த மூன்று இடங்கள்தான் காரணம்.

முதல் சண்டை சவுக்கடிக் காட்சிக்கு. 1968-ல் பண்ணையார் ஒரு கூலித் தொழிலாளியை மரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்து, வாயில் சாணிப்பால் ஊற்றுகிறார். "இது நடக்கலையா அண்ணே? நீங்களே கூட்டத்துல பேசியிருக்கீங்களே!" என்றார்கள். நடந்தது. ஆனால் எப்போது? 1940களில் பி.சீனிவாசராவும் அவரோடு நின்ற நம் ஆட்களும் கட்டிய விவசாயிகள் சங்கம் முதலில் எதிர்த்ததே சவுக்கடியையும் சாணிப்பாலையும்தான். கூலி உயர்வெல்லாம் அதற்குப் பிறகு. "அடித்தால் திருப்பி அடி" என்ற துணிச்சல் சேரிக்கு வந்தது அந்தக் காலத்தில். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தால்தான். அந்தச் சவுக்கைக் கொண்டுவந்து 1968-ல் வைத்தால், இருபது வருஷம் நம் தாத்தாக்கள் போராடி வாங்கியதைப் படம் அழித்துவிடும். பார்ப்பவன் மனதில் என்ன பதியும்? 'பாவம், எப்போதும் அடி வாங்கிக்கொண்டே இருந்த ஜனம்' என்று பதியும். 1968-ல் வெண்மணியில் நம் மக்களை எரித்தது அவர்கள் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததற்காகவா? சும்மா இருக்க மறுத்ததற்காக அல்லவா?

இரண்டாவது சண்டை கொடிக்கு. கதைப்பிரதியில் சேரிக் கொடிமரத்தில் நீலக்கொடி பறக்கிறது. எனக்கும் நீலக்கொடி உயிர்தான். ஆனால் கீழத்தஞ்சையில் அன்று பறந்தது செங்கொடி. அந்தக் கொடியை இறக்கு, நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர் என்றுதான் மிரட்டினார்கள். அடுதுறை 27, ஐ.ஆர்.8 என்று புது ரக நெல் வந்து விளைச்சல் கூடிய நேரம் அது. களத்தில் குவியும் நெல்லைக் கண்ணால் பார்க்கிறவன், அதில் அரைப்படி கூடக் கேட்டான். 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

நம் அரசியலுக்கு வசதியாக இருக்கிறது என்று கொடியின் நிறத்தை மாற்றினால், நம்மை வரலாற்றிலிருந்து நீக்கியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அதே நேரம், இது வெறும் கூலித் தகராறு, சாதி இதில் இல்லை என்று பல ஆண்டுகள் பேசியவர்களுக்கும் பதில் வேண்டும். எரிக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் சேரிக்காரர்கள். செங்கொடியின் கீழ் சாதி இந்துக் கூலிக்காரர்களும் இருந்தார்கள், எரிந்தது சேரிதான். இந்த இரண்டையும் ஒரே சட்டகத்தில் காட்டுங்கள் என்றேன். செங்கொடி பறக்கட்டும், அது எந்தத் தெருவில் பறக்கிறது என்பதையும் கேமரா காட்டட்டும்.

மூன்றாவது சண்டையில் தோற்றது நான்.

மாணவர்கள் தங்கள் படத்துக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது 'தில்லானா மோகனாம்பாள்'. டெல்டாவின் இசைப் படம் என்றால் வேறெது? கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் எடுத்த படம். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, திருவாரூர் மோகனாம்பாளாகப் பத்மினி. வெளியான ஆண்டு 1968. வெண்மணி எரிந்த அதே வருஷம், ஜூலையில். கதாநாயகனின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிக்கலிலிருந்து வெண்மணிக்குச் சைக்கிளில் போய்விடலாம்.

நான் பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு படிப்பு வட்டத்தில் இந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவன். அதே பாடத்தை மாணவர்களிடமும் எடுத்தேன். மைனர்களும் மகாராஜாக்களும் உலவும் வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஆனால் மோகனா போட்டிருக்கும் தைத்த நாட்டிய உடை 1930களுக்குப் பிறகு வந்த பாணி. சதிர் என்ற பெயரை எடுத்துவிட்டு, ஆட்டத்தைப் பரம்பரைப் பெண்களிடமிருந்து மேல்சாதி வீடுகளுக்குக் கொண்டுபோன காலத்தில் வந்தது. மோகனாவின் அம்மா மகளை ஒரு பணக்காரனிடம் சேர்த்துவிடத் துடிக்கிறாளே, அந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர்? அதை எதிர்த்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-லேயே நாவல் எழுதிவிட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்துவிட்டது. படமோ ஒரு பேராசைக்கார அம்மாவின் குணக்கேடாக அதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

நாயனக்காரரின் தன்மானத்தைப் படம் அழகாகச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தன்மானம் எதற்காகப் போராட வேண்டியிருந்தது? வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டதற்கே கானாடுகாத்தானில் சிவக்கொழுந்துவிடம் துண்டை எடு என்றார்கள். எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரி பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. படத்தின் சண்முகசுந்தரத்துக்கு வரும் கோபமெல்லாம் கலைஞனின் கோபம். சாதி அதில் ஒரு துளிகூட ஒட்டாது.

இவ்வளவையும் சொல்லி, "தஞ்சாவூர் மிராசுதார் நாடு. ஜமீனே இல்லாத ஊர்ல போய் ஜமீன் வாடை அடிக்கிறாங்க" என்று முடித்தேன்.

அந்தத் தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, பாப்பாநாடு ஜமீன் இருந்துச்சே. கந்தர்வகோட்டை ஜமீனும் அப்ப தஞ்சாவூர் ஜில்லாதானே?"

இருந்தது. ஆற்றுப் பாசன நெல் வயல்கள் பெரும்பாலும் மிராசு, அது சரி. ஆனால் 'ஜமீனே இல்லை' என்பது தவறு. பத்து வருஷமாக மேடையில் சொல்லி வந்த தவறு. அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு என் குறிப்பேட்டில் திருத்திக்கொண்டேன். பிறர் படத்தில் பிழை தேடுகிறவன் தன் பேச்சிலும் தேட வேண்டும்.

ஆனால் நான் உண்மையிலேயே தோற்றது அவளிடம் இல்லை, அப்பாயியிடம். அது அந்தப் பழைய படிப்பு வட்டக் கூட்டம் நடந்த இரவு.

வீட்டுக்கு வந்து, அன்று பேசியதைப் பெருமையாக அப்பாயியிடம் ஒப்பித்தேன். "வெண்மணி நடந்த வருஷம் எடுத்த படம். டெல்டாவுல எடுத்த கதை. வயல்ல எறங்குன ஒரு ஆள் படத்துல இல்ல. சேரி இல்ல. நாம இல்ல" என்றேன்.

அப்பாயி வெற்றிலையை மென்றுகொண்டே, "நா இருந்தேனே" என்றார்.

"படத்துலயா?"

"கொட்டாயில."

அவர் சொன்னதை இங்கே என் வார்த்தைகளில் எழுதுகிறேன். அப்பாயி சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து நாயனம் கேட்டவர். கேட்டது எப்போதும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்து. ஊர்க்கோயில் சாமி புறப்பாடு நம் தெருவுக்கு வராது. மேளம் தூரத்தில் கேட்கும், காற்று திரும்பினால் அதுவும் போய்விடும். பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்கு விறகும் இலைக்கட்டும் சுமந்துகொண்டு போவார்கள், கொல்லைப்புறமாக. முன்கட்டில் நாயனம் நடக்கும். சத்தம் வீட்டைத் தாண்டி வரும். வாசிக்கிறவரின் முகத்தை அப்பாயி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்தக் குழலை எப்படிப் பிடிப்பார்கள், கன்னம் எப்படி உப்பும், விரல் எப்படிப் போகும், ஒன்றும் தெரியாது.

படம் எங்கள் பக்கத்துக் கீற்றுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது வெண்மணி நடந்து மாதங்கள் ஆகியிருந்தன. சேரியில் இருட்டினால் யாரும் வெளியே போவதில்லை. ஆண்கள் முறை வைத்துக் கண் விழித்த காலம். அந்த நேரத்தில் பெண்கள் ஏழெட்டுப் பேர், அறுவடைக் கூலியில் ஒரு பங்கை விற்ற காசை முடிந்துகொண்டு, கூட்டமாகப் போய்த் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தார்கள்.

"மணலக் குமிச்சு மேல உக்காந்தேன். மொத ஆளா, முன்னாடி. அம்மாம் பெருசா வந்துச்சு நாயனம். இந்தா, இங்கேருந்து அந்தச் செவுரு தூரம்தான். கன்னம் உப்புறது தெரியுது, வெரலு போறது தெரியுது. எந்திரிச்சுப் போடின்னு சொல்ல ஒருத்தன் இல்ல. இருட்டுல எவன் பக்கத்துல எவ உக்காந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

வாசித்தது சிவாஜி இல்லை, மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று நான் சொன்னேன். எனக்கு எப்போதும் ஏதாவது திருத்த வேண்டும்.

"யாரு வாசிச்சா என்ன? நா முன்னாடி உக்காந்து கேட்டேன்ல?" என்றார் அப்பாயி.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் படத்தில் நாம் இல்லை என்பது இன்றும் உண்மைதான். அதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தப் படம் ஓடிய கொட்டகையில், டெல்டாவின் சொந்த இசைக்கு முன்னால் அப்பாயி முதல்முறையாக உட்கார்ந்தார் என்பதும் உண்மை. ஒரு படத்தின் வரலாறு அதன் கதையோடு முடிவதில்லை. யார் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதும் அதன் வரலாறு. என் பத்துப் பக்கக் குறிப்பில் அதற்கு ஒரு வரி இல்லை.

இந்தக் கதையை மாணவர்களிடம் சொன்னபோது, ஒரு தம்பி நியாயமாகவே கேட்டான்: "அப்ப அந்தப் படத்து மேல விமர்சனமே வேணாங்கிறீங்களா?"

வேண்டும். அதிலும் ஏன் வேண்டும் என்பதற்கு வெண்மணித் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை 1973-ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பெரும் நிலச்சுவான்தார்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இவர்கள் ஆட்களை வைத்துச் செய்யாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினமாம். பெரிய மனிதர் என்றால் எப்படி இருப்பார், என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்று ஒரு படம் அந்த நீதிபதிகளின் மனதில் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. நம் சினிமாவில் மைனர் பெண்ணுக்கு ஆசைப்படுவார், அடியாளை ஏவுவார், கடைசியில் திருந்துவார். அவரே பந்தம் பிடித்து வரமாட்டார். ஒரு சமூகம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் கதை, சாட்சி சொன்ன நம் மக்களின் வார்த்தையைவிட வலுவாக நின்றுவிடுகிறது.

தேதியெல்லாம் சரியாக இருந்தும் காரணம் பொய்யாகிவிடுவதும் உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வெண்மணியை எழுதிய நாவல், சாகித்ய அகாதமி விருது பெற்றது. அதில் பண்ணையாரின் கொடூரத்துக்குப் பின்னால் அவருடைய ஆண்மைக்குறைவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அரைப்படி நெல்லுக்கும் சாதித் திமிருக்கும் நடந்தது, ஒரு தனி மனிதனின் உடம்புக் கோளாறாகிவிடுகிறது. இதற்கு எதிராக நின்று, தப்பிப் பிழைத்தவர்களையே பேச வைத்தது பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம். அதைப் பார்க்காமல் யாரும் இந்தக் களத்தில் கேமராவை எடுத்து வைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன்.

ஆகவே தோழர்களே, பழங்காலத்தை வைத்து நாடகமோ குறும்படமோ பாட்டோ செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பஸ்ஸின் எழுத்தும் மாவட்டத்தின் பெயரும் சரியாக இருக்கட்டும். அதில் பிழை விட்டால் எதிரி அதையே பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்பான். ஆனால் அதோடு நிற்காதீர்கள். இந்தச் சட்டம் அன்று யாரைப் பிடித்தது, யாரை விட்டது? இந்தக் கொடுமை எந்த வருஷம் நின்றது, யார் நிறுத்தினார்கள்? இந்த இசை எந்தத் தெருவரை வந்தது? வயலில் குனிந்து நிற்கிறவருக்கு உங்கள் காட்சியில் முகம் இருக்கிறதா? ஒவ்வொரு காட்சிக்கும் இவற்றைக் கேளுங்கள். விடை புத்தகத்தில் பாதிதான் கிடைக்கும். மீதிக்கு உங்கள் தெருவில் எழுபதைத் தாண்டியவர்களிடம் போய் உட்காருங்கள். போனை ஆன் செய்து வைத்துவிட்டு, என்னைப்போல நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாமல் கேளுங்கள்.

அப்பாயி போய் நான்கு வருஷம் ஆகிறது. என்னிடம் அவர் குரல் பதிவாக இல்லை.

போன வாரம் மாணவர்கள் திருத்திய பிரதியை அனுப்பினார்கள். சாராயக்கடை போய்விட்டது, வாய்க்கால் கரையில் ஒரு பானை, அதைத் தோண்டி எடுக்கும் போலீஸ். சவுக்கடியை ஒரு கிழவர் தன் முதுகுத் தழும்பைக் காட்டிச் சொல்கிறார், பேரனுக்கு. கொடி சிவப்பு. கடைசியில் புதிதாக ஒரு காட்சி சேர்த்திருக்கிறார்கள்: கீற்றுக் கொட்டகை, இருட்டு, மணலைக் குவித்து ஒரு பெண் உட்காருகிறாள். திரையைக் காட்டப் போவதில்லையாம், அவள் முகத்தை மட்டும். பின்னணிக்கு அந்தப் பழைய வாசிப்பைப் போட உரிமை வாங்கக் காசு இல்லை. அதனால் திருவாரூர்ப் பக்கம் ஒரு நாயனக்காரரை நேரில் பார்த்துக் கேட்கப் போகிறார்கள். அந்தத் தங்கை கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஒத்திகைய எங்க தெருவுலயே வச்சு வாசிக்கச் சொல்லிக் கேக்கலாமாண்ணே?"

கேளுங்கள். நானும் வருகிறேன், முன்னால் இடம் பிடித்து வையுங்கள்.

ஜெய்பீம். (இதை நான் எழுதுவது இந்தக் காலத்தில் என்பதால், காலப்பிழை ஆகாது.)